ஒரு பொம்மைக்கு நூறு பேர்

கணக்கைப் படமாகப் போடுகிற தொழில் இருக்கிறதே, அது பேய்க்குச் சட்டை தைக்கிற மாதிரி. அளவெல்லாம் சரியாக இருக்கும். போட்டுக்கொள்கிற ஆள்தான் கண்ணுக்குத் தெரியமாட்டான். ஆபீஸ் சுவருக்குச் சார்ட் எழுதிப் பிழைத்த யாராவது இதைப் படித்தால் "ஆமாய்யா, ஆமாம்" என்று தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் சும்மா கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மூணாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கடைப் பலகை, லாரிக்குப் பேர், கோயில் வாசலில் 'செருப்பை இங்கே விடவும்' என்று எதையாவது எழுதிக்கொண்டு, பாப்பாரப்பட்டிக்கும் பென்னாகரத்துக்கும் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். தர்மபுரி தனி ஜில்லாவானதும் ஆபீஸ்கள் பெருகின. ஆபீஸ் பெருகினால் சுவர் பெருகும். சுவர் வெறுமனே இருந்தால் மேலதிகாரி கேட்பார். அப்படித்தான் ஒரு பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் என்னைக் கூப்பிட்டு ஜன்னலோரமாக ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். எந்த யூனியன் என்று கேட்காதீர்கள்.

அச்சு வெட்டின கதை

பி.டி.ஓ. ஐயா நல்ல மனுஷர். "படிக்காதவனும் பார்த்த உடனே புரிஞ்சுக்கணும்" என்பார். முதலில் கணக்குக்குத் தக்கபடி உசரமும் குட்டையுமாகத் தூண் தூணாகப் போட்டேன். பார்த்த ஜனங்கள், யார் வூட்டுச் சுவர் இடிந்து கிடக்கிறது என்று கேட்டார்கள். சரி, ஆள் பொம்மையே போடு, ஒரு பொம்மைக்கு நூறு பேர் என்றார் ஐயா. கையால் போட்டால் ஒன்று குண்டாக வரும், ஒன்று நோஞ்சானாக வரும். "இது நம்ம மணியக்காரரு, அது அவரு மச்சான்" என்று ஜனங்கள் பேர் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கப்புறம் எல்லாப் பொம்மையும் ஒரே அச்சாக இருக்க வேண்டும் என்றாகிவிட்டது.

அட்டையில் அச்சு வெட்டினால் சாயத்தில் ஊறிப்போகும். ஊறாதது எக்ஸ்ரே படம். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லி, வேண்டாமென்று கட்டிப் போட்டிருந்த பழைய படங்களை ஐயா வரவழைத்தார். ஓரத்தில் இருந்த நம்பரையெல்லாம் நறுக்கி எறிந்துவிட்டு, ஒரு படத்தில் ஆண், பெண், குழந்தை என்று மூன்று பொம்மை வெட்டினேன். வேறு படங்களில் மாடு, கிணறு, ஏர். காகிதத்தின் மேல் படத்தை வைத்து, ஓட்டையில் பஞ்சால் சாயத்தை ஒத்தினால் பொம்மை விழும். படத்தைத் தூக்கி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும்போது ஜன்னல் வெயில் அதன் வழியாக இறங்கும். யாரோ ஒருத்தருடைய விலா எலும்பு வெள்ளை வெள்ளைக் கோடாக, ஈரம் காயாத பொம்மைகளின் மேல் ஊர்ந்து போகும். நான் வேலையைப் பார்த்தேன். பெருக்கிக்கொண்டிருந்த பியூன் மாதையன்தான் துடைப்பத்தோடு நின்றுவிட்டான்.

"பெயிண்டர்ண்ணா, நீங்க அதைத் தூக்கறப்பல்லாம் உங்க பொம்மைங்க மூச்சு வுடுதுங்க."

மீதிப் பாதி

காட்டோரத்தில் ஒரு ஊர். ஜனத்தொகை நாலு பொம்மைக்கு மேலே, ஐந்துக்குக் கீழே. நான் என்ன செய்வேன்? நாலு ஆளை முழுசாகப் போட்டு, ஐந்தாவது ஆளை உச்சந்தலையிலிருந்து நேராகப் பிளந்து ஒரு பக்கத்தை மட்டும் போட்டேன். ஒரு கண்... இல்லை, பொம்மைக்குக் கண்ணே கிடையாது. ஒரு கை, ஒரு கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கூட்டத்தில் சார்ட்டை மாட்டினோம். ஐயா, "இது ஐம்பது பேரைக் குறிக்குது" என்று விளக்கிச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் கடைசி ஆள் எழுந்துபோய் நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்தான். இப்போது வேறொருத்தன் கடைசி ஆளாகிவிட்டான். அவனும் எழுந்தான். கூட்டம் முடிகிறவரைக்கும் அந்த ஓரம் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது.

கிளம்பும்போது ஊர்ப் பெரிய மனுஷர் ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"அந்த ஆளோட மீதிப் பாதி எந்த ஊருல இருக்குதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க சாமி. பொம்பளைங்க தண்ணிக்குப் போக மாட்டேங்கறாங்க."

கூடுதல் ஆட்கள்

இனிமேல் பாதி ஆளே கூடாது, முழுசாகவே போட்டுவிடு என்று உத்தரவு. அடுத்த ஊரில் அப்படியே செய்தேன். கணக்குப்படி பார்த்தால் ஊரில் இல்லாத கொஞ்சம் பேர் சுவரில் கூடிவிட்டார்கள். அந்த ஊரில் ஒரு மனுஷர், கணக்கில் கெட்டிக்காரர், தலைக்கட்டு வரிக்கு வீடுவீடாகப் போகிறவர். பொம்மைகளை விரல் நீட்டி எண்ணினார். ஊரை மனசுக்குள் எண்ணினார். மறுபடியும் பொம்மைகளை எண்ணினார். தப்பைக் கண்டுபிடித்துச் சண்டைக்கு வரப்போகிறார் என்று நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். அவரோ பின்னால் நின்ற ஜனங்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். என்னமோ ஒத்துக்கொண்ட மாதிரி எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

"காலராவுல போனவங்களையும் சேத்துட்டீங்களாட்டம் இருக்குது. அவங்களும் எங்க ஊருதானுங்களே, இருந்துட்டுப் போகட்டும்."

ஊசி போட்டவர்கள்

பாப்பாரப்பட்டிச் சந்தையில் டி.பி. நோய்க்கு ஒரு ஸ்டால். தடுப்பூசி போடுவதற்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு பக்கம் என் சார்ட். மேலே கொட்டை எழுத்தில் 'ஊசி போட்டவர்கள்' என்று எழுதி, கீழே வரிசையாகப் பொம்மைகள். ஐப்பசி மாசம், மழைக்கு முந்தின காற்று. காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. கையில் கிடைத்த குண்டூசியையெல்லாம் எடுத்து இஷ்டத்துக்குக் குத்திவிட்டேன். குத்தினது எங்கே என்று நான் பார்க்கவில்லை. நெஞ்சில், வயிற்றில், தொண்டையில் என்று ஆளுக்கு ஒரு ஊசி ஏறியிருந்தது.

எங்கள் பக்கத்தில் பொம்மை செய்து ஊசி குத்தினால் அதற்கு வேறே பேர். செய்வினை என்பார்கள், அந்த வார்த்தையைச் சொல்லும்போதே குரலைத் தணித்துக்கொள்வார்கள். ஸ்டாலைச் சுற்றி வட்டமாகக் கூட்டம் கூடியது. ஒருத்தர்கூடக் கிட்டே வரவில்லை. இன்ஸ்பெக்டர் "வாங்க, வாங்க" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். கத்தக் கத்த வட்டம் பெரிதாகிக்கொண்டு போகிறது. கடைசியில் புளி விற்கிற ஒரு அம்மாள்தான் தைரியமாக ரெண்டடி முன்னால் வந்து, சார்ட்டை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குத்தறது சரிங்க. அதைத் திருப்பி எடுக்கறது எப்போங்க?"

இது யாருங்க?

அன்றைக்கு மத்தியானம் இன்ஸ்பெக்டர் கோபத்தில் டீ குடிக்கப் போய்விட்டார். நான் அச்சுப் படத்தைக் கழுவி, காய்வதற்காக வெயிலுக்குத் தூக்கிப் பிடித்திருந்தேன். வட்டத்தில் நின்ற ஒரு பெண் நேராக என்னிடம் வந்தாள். முப்பது வயசு இருக்கும். கழுத்தில் ஜெபமாலை. பொம்மைகளைப் பார்க்கவில்லை, ஊசியைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த விலா எலும்பைப் பார்த்து, "இது யாருங்க?" என்றாள். "யாரும் இல்லம்மா, அச்சு" என்றேன். "யாரோ ஒருத்தருதானுங்களே" என்றாள். தூக்கிப் பிடித்திருந்த படத்தைக் கீழே இறக்கினேன்.

பேர் சவேரியம்மா. நல்லம்பள்ளிப் பக்கம் ஊர். புருஷன் சின்னப்பன் விவசாயக் கூலி. இருமல் முற்றி, பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்து, அங்கிருந்து தூரத்து டி.பி. ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். போனவர் போனவர்தான். தகவல் வருவதற்குள் அங்கேயே யாரோ புதைத்துவிட்டார்கள். குழி எது என்றுகூடத் தெரியாது. கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கவில்லை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறைகளைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றுகிறது. இவள் மட்டும் மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் பெரிய சிலுவைக்கு அடியில் வைத்துவிட்டு வருகிறாள். மகளுக்கு நாலு வயசு. அப்பா எங்கே என்று கேட்கும்போது காட்ட ஒரு பிடி மண் இல்லை. ஆஸ்பத்திரியில் போய் அந்தப் படத்தையாவது கொடுங்கள், ஊர்க் கல்லறையில் புதைத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். யூனியன் ஆபீசுக்குப் போய்விட்டது என்றார்களாம்.

"படம் எடுக்கறப்ப கழுத்துல கெடந்த மாதா மெடலைக் கழட்டச் சொன்னாங்க, அவரு மாட்டேன்னுட்டாருங்க. படத்துல வெள்ளையா, புளியங்கொட்டை அளவு தெரியும். அதைப் பாத்துத் தேடிக் குடுங்கண்ணா, திருநா வருது."

புளியங்கொட்டை அளவு

ஆபீசுக்குப் போய் எல்லாப் படத்தையும் ஜன்னலில் ஒட்டவைத்த மாதிரி பிடித்துப் பார்த்தேன். மாடு வெட்டினதில் இல்லை. கிணறு வெட்டினதில் இல்லை. ஏர் வெட்டினதில் ஏதோ தெரிந்தது, அது சாயம். ஆண், பெண், குழந்தை வெட்டின படத்திலும் இல்லை. அப்புறம்தான் வெட்டி எடுத்த துண்டுகள் ஞாபகம் வந்தது. அவற்றை நான் எறியவில்லை. துண்டைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் சாயம் ஒத்தினால் நடுவில் வெள்ளைப் பொம்மை நிற்கும், அதற்காக வைத்திருந்தேன். ஆண் பொம்மையின் துண்டைத் தூக்கினேன். அதன் வயிற்றில், தொப்புள் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி. படத்தில் பழுது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மேசை மேல் அதன் வெளிச்சம் விழுந்தது. புளியங்கொட்டை அளவுதான். சுவரைப் பார்த்தேன். இந்த வட்டாரத்து ஆம்பளைகள் அத்தனை பேரும் அந்த ஒரு மனுஷனுடைய நெஞ்சுக்குள்ளிருந்து வந்து வரிசையாக நின்றார்கள்.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முதுகுக்குப் பின்னால் அந்தச் சார்ட்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவர் திரும்பிப் பார்க்காமல் நாற்காலியை மட்டும் சுவரிலிருந்து முன்னால் இழுத்துப் போட்டார். அச்சுகளெல்லாம் ஆபீஸ் சாமான், ஸ்டாக்கில் ஏற்றியாகிவிட்டது. கலெக்டர் வருகைக்கு இன்னும் சார்ட் பாக்கி. நெற்றியைத் தேய்த்தார். மாதையன் கதவோரம் நின்று மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆபீஸ் சாமானை வெளியே கொடுக்க ரூல் இல்லைய்யா. ஆனா ஒரு மனுஷனை ஸ்டாக்கில வெச்சுக்கவும் ரூல் இல்லை. எடுத்துக் கொடு."

மூன்று பேர்

திருநாளுக்கு முந்தின நாள் சவேரியம்மா வந்தாள். மஞ்சள் துணி ஒன்று மடித்துக் கொண்டுவந்திருந்தாள். நான் படத்தை மேசையில் விரித்து, வெட்டின துண்டு மூன்றையும் அதனதன் இடத்தில் பொருத்தி வைத்திருந்தேன். நெஞ்சு முழுசாக இருந்தது, வெட்டுத் தடம் மட்டும் தெரிந்தது. மெடலை முதலில் பார்த்தாள். அதன் மேல் விரலை வைத்தாள். அழவில்லை. "இளைச்சுத்தான் போயிருந்தாரு" என்றாள். துணியை விரித்து, படத்தைத் தூக்கப் போனவள் கையை நிறுத்திவிட்டாள். "இந்தப் பொம்பளை யாருங்க? பக்கத்துல புள்ளை?" "சும்மா பொம்மைம்மா" என்றேன். அவள் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

பொம்மை என்றால் எங்கள் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். புருஷனை முழுசாகப் புதைக்க வேண்டும் என்றால், அவன் நெஞ்சிலிருந்து வெட்டின ஒரு பெண்ணையும் குழந்தையையும் சேர்த்துப் புதைக்க வேண்டும். அவளுக்கு வூட்டில் ஒரு மகள். வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டாள். மாதையன் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான், குடிக்கவில்லை. வெகு நேரம் கழித்து உள்ளே வந்து, "அவரை மட்டும் குடுங்க" என்றாள். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு ஆள், வயிற்றில் மெடலோடு. துணியில் சுருட்டிக்கொண்டாள். அப்போதுதான் என் மேசையில் தயாராக விரித்திருந்த புதுக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று மாதையனைக் கேட்டாள். டி.பி.யில் செத்தவர்கள் சார்ட், இனிமேல்தான் பொம்மை போடணும் என்று அவன் உள்ளதைச் சொல்லிவிட்டான். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும்ண்ணா. அந்தப் பொம்பளையையும் புள்ளையையும் செத்தவங்க கணக்குல மட்டும் போட்றாதீங்க."

கொஞ்சமாக வந்தவர்

மறுநாள் சாயங்காலம் நானும் மாதையனும் சவேரியம்மாவின் ஊருக்குப் போனோம். ஏன் போனோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கல்லறையெங்கும் செவ்வந்தியும் சுண்ணாம்பு வாடையும். நீள நீளமான கல்லறைகளுக்கு நடுவில், ஒரு முழம்கூட இல்லாத ஒரு மேடு, ஈரச் சுண்ணாம்போடு. அதன் தலைமாட்டில் குச்சியில் கட்டின சிலுவை. சவேரியம்மா மண்டிபோட்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள், கையில் மெழுகுவத்தியோடு. பிள்ளையின் கையை மேட்டில் வைத்து அழுத்திக் காட்டினாள், அவ்வளவுதான். உடனே காற்று அடித்து எல்லாக் கல்லறையிலும் சுடர் சாய்ந்தது. இந்தக் குட்டி மேட்டில் மட்டும் நேராக நின்றது. பிள்ளை குறுக்கே உட்கார்ந்து காற்றை மறைத்திருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டேன். மாதையன் செருப்பைக் கழற்றினான்.

ஜெபம் சொல்லிக்கொண்டு வந்த உபதேசியார் குட்டி மேட்டைப் பார்த்து நின்றார். ஊரில் அந்த வருஷம் குழந்தை எதுவும் சாகவில்லை என்று அவருக்குத் தெரியும். "யாரு புள்ளைம்மா இது?" என்று கேட்டார். அவள் எழுந்து முட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"புள்ளை இல்லீங்க, எங்க வூட்டுக்காரரு. கொஞ்சமாத்தான் வந்திருக்காரு."

ஒரு விரற்கடை உசரம்

கலெக்டர் வருகை நெருங்கியது. உயிரோடு இருக்கிறவர்கள் சார்ட்டுக்குப் பழைய படமே போதும்; ஓட்டை ஓட்டையாகத்தானே இருக்கிறது. சவேரியம்மா அப்படிக் கேட்டபின் செத்தவர்கள் சார்ட்டுக்கு என்ன செய்வது? இன்னொரு எக்ஸ்ரே படத்தில் கத்தி வைக்க எனக்குக் கை வரவில்லை. பிஸ்கட் டின் தகரத்தை எடுத்து, ஆண், பெண், குழந்தை என்று மூன்றையும் புதிதாக வெட்டினேன். தகரம் நான் சொன்னபடி கேட்கவில்லை. கத்தரி போன போக்கில் கொஞ்சம் நீண்டுவிட்டது. கறுப்புச் சாயத்தில் ஒத்தி, ரெண்டு சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். கலெக்டர் வந்தார், பார்த்தார், "குட்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் கிளம்பினபின் ஐயா மட்டும் சுவருக்கு முன்னால் நின்றார். இந்தச் சார்ட்டைப் பார்த்தார். அந்தச் சார்ட்டைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, அளக்காமலே திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.

"ஏய்யா, உன் சுவத்துல மட்டும் செத்தவங்க எப்படிய்யா உயிரோட இருக்கறவங்களை விட ஒரு விரற்கடை உசரமா இருக்காங்க?"

சார்ட் எழுதுகிற தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: எண்ணிக்கை ஆபீசுக்குச் சொந்தம், எண்ணப்பட்டவர்கள் வேறு யாருக்கோ சொந்தம், ரெண்டு சொந்தக்காரரும் ஒரே நாளில் வந்து கேட்டால் மாட்டிக்கொள்கிறவன் பெயிண்டர்.